முன்னால நின்ன நெட்டையன்

அண்ணாச்சி, ஒரு உபகாரம். நீங்க ஜன்னல் பக்கம் நகந்துக்கிடுதியளா? எனக்கு இந்த ஓரம் வேணும். வலது காலை மடக்கி வச்சேம்னா வல்லநாடு வாரதுக்குள்ள மரக்கட்டையா ஆயிரும். நீட்டி வச்சா கொஞ்சம் தாங்கும். ரொம்ப சந்தோசம். கண்டக்டர் வாரப்ப மட்டும் இழுத்துக்கிடுவேன்.

விபத்தான்னு கேக்கியளா? எல்லாரும் அப்படித்தான் கேக்காவ. விபத்து இல்ல அண்ணாச்சி, பந்து. பாஸ்கெட்பால். பதினாலு வருசம் டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஆடுன காலு இது. எந்த டிபார்ட்மெண்ட்னு கேக்காதிய, பென்சன் வாங்குதேன், அந்தப் பேச்சு வேண்டாம். என் பேரு தவசிமுத்து. ஒருக்க பேப்பர்ல வந்திருக்கு, 'தவசிமுத்து பந்தை அருமையாக வழங்கினார்'னு. ஒரே வரி. நீங்க பாத்திருக்க மாட்டிய. எங்க தெருவுலயே ஒருத்தனும் பாக்கல.

நான் பாயிண்ட் கார்டு. அப்படின்னா என்னன்னு சொல்லிருதேன், இல்லன்னா பொறவு சொல்லுதது விளங்காது. அஞ்சு பேரு ஆடுவோம். நெட்டையனுக்கு ரிங்குப் பக்கம் வேலை. குறி பாத்துப் போடுதவனுக்கு ஓரத்துல வேலை. பந்தை இந்த முனையில இருந்து அந்த முனைக்குத் தட்டிக்கிட்டே கொண்டு போயி, யாருக்கு எப்ப குடுக்கணும்னு முடிவு பண்ணுத ஆளு நான். கல்யாண வீட்டுல பந்தி விசாரிப்பான் பாருங்க, அவன் மாதிரி. எல்லா இலையிலயும் விழுந்துச்சான்னு பாக்கணும். அவன் சாப்பிட்டானான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். பதினாலு வருசமும் அப்படித்தான் போச்சு.

இது பள்ளிக்கூடத்துலயே பழகுனது. எங்க பி.டி. சாரு அருள்தாஸ், எனக்குன்னு தனியா ஒரு சட்டம் வச்சிருந்தாரு. மத்தவன் எத்தனை தடவை வேணும்னாலும் ரிங்குல போடலாம். நான் போட்டா மைதானத்தைச் சுத்தி அஞ்சு ரவுண்டு. உள்ள விழுந்தாலும் அஞ்சு ரவுண்டு. நீ குட்டை, உன் வேலை குடுக்கது, அப்படிம்பாரு. அஞ்சடி ஆறு அங்குலம் நான். அஞ்சு வருசம் அவருகிட்ட ஆடுனேன். எத்தனை ரவுண்டு ஓடியிருப்பேன்னு நினைக்கிய? மொத்தமே அந்த அஞ்சு ரவுண்டுதான். ஒரே ஒருக்கதான் போட்டேன், அதோட நிறுத்திட்டேன். நான் சொன்னா கேட்டுக்கிடுத ஆளு.

பொறவு அந்த ஆட்டத்தை வச்சுத்தான் வேலை கிடைச்சுது. எண்பத்திரெண்டுல. காலையில பிராக்டிஸ், பத்து மணிக்கு ஆபீஸ்ல கையெழுத்து, மூணு மணிக்குத் திரும்ப பிராக்டிஸ். சீட்டுல உக்காந்திருக்கவன்லாம் எங்களைக் கண்டா முகத்தைத் திருப்புவான். பந்து உருட்டிச் சம்பளம் வாங்குதானுவன்னு காதுபடவே பேசுவானுவ. ஆடி முடிச்சு தொண்ணூத்தாறுல கால் முட்டு போயி நானும் சீட்டுல உக்காந்தேன். ஃபைலைப் பிரிக்கது எந்தப் பக்கம்னு தெரியல எனக்கு. என்னை விடப் பத்து வயசு எளையவன்கிட்ட, தம்பி இது எங்க எழுதணும்னு கேட்டு நிக்கணும். இருவத்தாறு வருசம் அப்படி ஓட்டியிருக்கேன் அண்ணாச்சி. அலுத்துப் போச்சு. சும்மா சொல்லல, ரொம்ப அலுத்துப் போச்சு.

ஆனா ஆடுன காலத்துல நான் சின்ன ஆளு இல்ல. அதுக்கு வெளிநாட்டுச் சாட்சியே இருக்கு. எண்பத்தொம்பதுல இத்தாலியில இருந்து ஒரு கிளப் டீம் மெட்ராசுக்கு வந்துச்சு. நட்பு ஆட்டம். எதிர்த்து ஆட எங்க டீமை எறக்கிவிட்டாவ. அவங்க பாயிண்ட் கார்டு பேரு ரென்சோ. என்னை மாதிரியே குட்டை. முப்பத்திநாலு வயசு, பாதி முடி இல்ல, ரெண்டு முட்டுலயும் கட்டு. பேச்சுக்கு ஒத்தாசையா ஒரு இத்தாலி ஃபாதர் வந்திருந்தாவ. நம்ம ஊர்ப் பக்கம் முப்பது வருசமா இருக்கவங்க, தமிழ் நம்மளை விட நல்லா பேசுவாவ. அவங்களை விட்டுக் கேட்டேன், நீ எந்த ஆபீசுன்னு.

ஆபீசே கிடையாதாம். ஆடுததுதான் தொழிலாம். பதினேழு வயசுல ஆரம்பிச்சு அஞ்சு ஊரு, அஞ்சு கிளப். ஒரு வருசம், ரெண்டு வருசம்னு எழுதி வாங்கிக்கிடுவாங்களாம், முட்டு சரியில்லன்னா அடுத்த தடவை எழுத மாட்டாங்களாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேத்த மாசமே வேற ஊருக்குப் போன்னு சொல்லிட்டாங்களாம் ஒரு கிளப்புல. இதுதான் எனக்குக் கடைசி வருசம், பொறவு மாமனார் ரொட்டிக் கடையில நிக்கணும்னு சொன்னான். ஃபாதர் அதைச் சொல்லிட்டு, உங்களுக்காவது நிரந்தர வேலை இருக்கே தவசின்னு சொன்னாவ. எனக்கு என்னமோ அவன் மேல பொறாமையா இருந்துச்சு. கடைசி வருசம்னு சொல்லுததுக்கு அவன்கிட்ட ஒரு தொழிலாவது இருந்துச்சுல்லா.

முறப்பநாடு பாலம் வந்துட்டு. ஆத்துல தண்ணி கிடக்கு, பாருங்க.

ஆட்டத்துல என்னைய மறிக்க வேண்டியவன் அந்த ரென்சோதான். அவன் என் கிட்டயே வரல அண்ணாச்சி. ரெண்டு கஜம் தள்ளி, கையைத் தொங்கவிட்டுக்கிட்டு நின்னான். மத்தவனுக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரா கையை வச்சு மறிக்கானுவ, என்னைய மட்டும் விட்டுட்டான். எங்க ஆளுவளுக்கே ஆச்சரியம். தொழில்காரன் பாத்தீயளா, ஆள் யாருன்னு ஆரம்பத்துலயே கண்டுக்கிட்டான். நெருங்குனா நான் தாண்டிப் போயிருவேன்னு பயம்.

தோத்துட்டோம், அது வேற. முடிஞ்சு அவனுவ வேன்ல ஏறுதானுவ. ஏறுன ரென்சோ எறங்கித் திரும்பி வந்தான். ஃபாதர் முன்சீட்டுல இருந்தாவ, பக்கத்துல இல்ல. வந்தவன் என் தோளைப் பிடிச்சு, அப்படியே ரிங்கைப் பாக்கத் திருப்புனான். விரலை நீட்டி ரிங்கைக் காட்டுனான். பொறவு அதே விரலால என் நெஞ்சுல குத்துனான். ஒருக்க இல்ல, மூணு தடவை. வலிச்சுது. முகம் செவந்து போச்சு அவனுக்கு, அழுதுருவான் போல இருந்துச்சு. இதுக்கு மொழிபெயர்ப்பு எதுக்கு? இந்த ரிங்கு உன்னோடது, நீதான் ராசான்னு சொல்லிட்டுப் போறான். ரிட்டையர்மெண்ட் கூட்டத்துல இதைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாவ. என் வீட்டுக்காரி சண்முகக்கனி மட்டும் தட்டல. அவ எதுக்குமே தட்ட மாட்டா.

தூத்துக்குடிக்கு எதுக்குப் போறேன்னு கேட்டியள்லா? அதுக்குத்தான் வாரேன். ஆசீர்னு ஒருத்தன். அவனைப் பாக்கப் போறேன். முப்பத்திமூணு வருசமாச்சு பேசி.

எங்க டீம்ல குறி பாத்துப் போடுதவன் அவன்தான். எண்பத்தெட்டுல தற்காலிகமா எடுத்தாவ. வலது ஓரத்துல போயி நின்னுக்கிடுவான். பந்து குடுன்னு ஒருநாளும் கத்த மாட்டான். ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா வச்சுக்கிட்டு நிப்பான். கையில பந்து வந்து விழுந்தா, விழுந்த சத்தமும் ரிங்கு வலை சத்தமும் ஒண்ணா கேக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். அவன் அம்மை குடுத்துவிடுத கருவாட்டுத் தொக்கை ரெண்டு பேரும் ஒரே தட்டுல போட்டுத் தின்னுருக்கோம். எனக்கு அப்பமே நிரந்தரம். அவனுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் தற்காலிகம். கப்பை ஜெயிச்சுட்டு வாங்க, மூணு பேரையும் நிரந்தரம் பண்ணிருதேன்னு பெரிய அதிகாரி வாக்கு குடுத்திருந்தாரு.

தொண்ணூத்தொண்ணு ஜனவரி, நாக்பூர். ஃபைனல். எழுபத்தொண்ணு எழுபது, ஒரு பாயிண்டு நாங்க குறைவு. ஏழு விநாடி இருக்கு. பந்து என் கையில.

கொண்டு போறேன். அவனுவளும் என்னைய நெருங்கல, ரென்சோ மாதிரியே தள்ளித் தள்ளி நிக்கானுவ. நேரா நடுவுல புகுந்து ரிங்குக்குக் கீழ போயிட்டேன். அப்ப முன்னால ஒரு நெட்டையன். ஆறடி அஞ்சு. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு பனைமரம் மாதிரி நிக்கான். நான் எப்படி அண்ணாச்சி போட முடியும், அஞ்சடி ஆறு? ஓரத்துல ஆசீரு கையைத் தூக்கிப் பந்தைக் கேக்கான். குடுத்தேன். பாயிண்ட் கார்டு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சேன். அவன் போட்டான். ரிங்கு விளிம்புல ரெண்டு சுத்து சுத்தி வெளியில விழுந்துட்டு. விசில்.

அவன் போட்டா அவன் பேரு வரும், அவன் வேலை நிரந்தரமாகும்னு நினைச்சுத்தான் குடுத்தேன். நல்லதுக்குத்தான் குடுத்தேன். இதை முப்பத்திமூணு வருசமா எல்லாருகிட்டயும் சொல்லிருக்கேன்.

வல்லநாடு. இறங்குதவங்க போகட்டும், காலை மடக்கிக்கிடுதேன். ஸ்ஸ்... சரி. நீங்க உக்காருங்க.

ஊருக்கு வந்ததும் பெரிய அதிகாரி கூப்பிட்டு விசாரிச்சாரு. நானும் ஆசீரும் மேசைக்கு முன்னால நிக்கோம். கடைசியில என்னய்யா ஆச்சுன்னு கேட்டாரு. அவனைத்தான் பாத்தாரு. நான் சொன்னேன், நான் சரியாத்தான் குடுத்தேன் சார், அவன் விட்டுட்டான்னு. உண்மைதானே? ஆசீரு திரும்பி என்னைய ஒருக்கப் பாத்தான். அவ்வளவுதான். மார்ச்சுல மூணு பேருக்கும் வர வேண்டாம்னு கடுதாசி வந்துட்டு. அவன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது நான் ரூம்ல இல்ல. பிராக்டிஸ்ல இருந்தேன். அன்னைக்கு பிராக்டிஸ் கிடையாது, ஆனாலும் போயிருந்தேன்.

அவன் தூத்துக்குடியில ஐஸ் ஃபேக்டரியில வேலைக்குச் சேந்தான்னு கேள்விப்பட்டேன். மீன் பெட்டிக்குப் போடுத ஐஸ். அந்தக் கையால ஐஸ்பாளம் இழுத்திருக்கான். போயிப் பாக்கணும்னு நினைக்காம இல்ல. எங்க மச்சினன் தூத்துக்குடிக்குப் போவான், நீ போயி அவன் எப்படி இருக்கான்னு பாத்துட்டு வான்னு நாலஞ்சு தடவை சொல்லி விட்டிருக்கேன். நல்லாருக்காருன்னு வந்து சொல்லுவான். சரின்னு விட்டுருவேன்.

சண்முகக்கனி இதுக்கும் ஒண்ணு சொல்லுவா. உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு மச்சினன் வேணும்பா. மகளுக்கு மாப்பிள்ளை பாத்தது மச்சினன். வீடு கட்ட இடம் பாத்தது அவன். மக மெட்ராஸ்ல படிக்கணும்னு என்கிட்ட வந்து நின்னப்ப, உன் மாமாகிட்ட கேளும்மான்னு சொன்னேனாம். அவன் வேண்டாம்னு சொல்லிட்டான். அதை இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதா. நான் என்ன அண்ணாச்சி செய்தது, விவரம் தெரிஞ்சவன்கிட்ட குடுக்கதுதானே முறை? ஆட்டத்துலயும் அதானே.

சரி, விசயத்துக்கு வாரேன். எங்க பழைய மேனேசர் எறந்து போனாரு. அவரு வீட்டுல அந்த நாக்பூர் ஆட்டத்து வீடியோ கேசட் கிடந்திருக்கு. அவரு மகன் அதை என்னமோ பண்ணி போன்ல பாக்க மாதிரி ஆக்கி, எங்க பழைய டீம் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான். கடைசி ஒரு நிமிசம் மட்டும். பத்து நாளாச்சு. குரூப்புல ஒருத்தனும் ஒண்ணும் எழுதல. காலை வணக்கம் அனுப்புதவன்கூட நிறுத்திட்டான்.

போன ஞாயித்துக்கிழமை ஆசீரு போன் பண்ணுனான். குரல் அப்படியே இருக்கு. வீடியோ பாத்தியாடேன்னு கேட்டான். பாத்தேன்னேன். பொறவு, ஒருநாள் வீட்டுக்கு வாடே, நேர்ல பேசணும்னு சொல்லிட்டு வச்சுட்டான். எதுக்குக் கூப்பிடுதான்? சண்டை போடவா? இந்த வயசுல என்ன சண்டை? வெள்ளிக்கிழமை வாரேன்னு மெசேஜ் போட்டுட்டேன். வாகைக்குளம் டோல்கேட் தாண்டினதும் கூப்பிடு, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன்னு எழுதியிருக்கான். டோல்கேட் இப்பமே தாண்டியிருக்கும். நான் கூப்பிடல.

நேத்துல இருந்து மனசுக்குள்ள பேசிப் பாத்துக்கிட்டே இருக்கேன், அவன்கிட்ட என்ன சொல்லணும்னு. உங்ககிட்ட சொன்னேன்லா, இதேதான். முன்னால நெட்டையன், ஓரத்துல நீ கையைத் தூக்குன, நான் குடுத்தேன். நியாயமாத்தானே இருக்கு?

வீடியோவுல கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. கேமரா ஓரத்துல இருந்து எடுத்தது, அதனால சரியா தெரியாது. நீங்க வேணும்னா பாருங்களேன். வெளியாளு பாத்தா நல்லதுதான். இந்தாங்க. கண்ணாடி போட்டுக்கிடுங்க. அந்தா, ஏழாம் நம்பர் பனியன், பந்தைத் தட்டிக்கிட்டு வாரேன்லா, அது நான். முடி நிறைய இருந்துச்சு அப்ப. இங்கன புகுந்துட்டேன். இப்பம் நிறுத்துங்க. நடுவுல தொடுங்க, நிக்கும். ஆங்.

நெட்டையன் எங்கன்னு கேக்கியளா?

இருப்பான் அண்ணாச்சி. இங்கனதான். இல்ல, இது எங்க ஆளு. அந்தா, அவன்தான், அந்தப் பச்சை பனியன், ஆசீரு பக்கத்துல நிக்கான் பாருங்க. அவன்தான் நெட்டையன். ஆசீரை மறிக்க ஓரத்துக்குப் போயிட்டான் போல. ரெண்டு பேரு ஆசீரை மறிச்சு நிக்கானுவ. கேமரா ஓரத்துல இருக்கதனால அப்படித் தெரியுது.

நானும் இருவது முப்பது தடவை பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் அங்கதான் நிக்கான்.

சரி, ஆசீரு கையைப் பாருங்க. தூக்கியிருக்கான்லா. பந்து கேக்கான்.

என்ன சொன்னிய?

இல்ல, சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன். ரிங்கைக் காட்டுதானா? விரலை நீட்டி ரிங்கைக் காட்டுதான். உங்களைப் போடச் சொல்லுதாருல்லான்னு கேக்கிய. உங்களுக்குப் பந்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆட்டமே பாத்ததில்லைன்னு சொன்னிய. உங்களுக்கே அப்படித் தெரியுது.

கொஞ்சம் இருங்க.

ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கு என்கிட்ட.

ரென்சோவும் விரலை அப்படித்தான் நீட்டுனான் அண்ணாச்சி. இதே மாதிரி. நான் ராசான்னு சொல்லிட்டுப் போறான்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவன் ஏன் என் கிட்ட வரலன்னு இப்பம் தெரியுது. இவன் போட மாட்டான், இவனை மறிக்க வேண்டியதில்லன்னு அஞ்சாவது நிமிசமே கண்டுக்கிட்டான். நாக்பூர்ல எதிர்த்து ஆடுனவனுவளும் கண்டுக்கிட்டானுவ. ஆசீருக்கும் தெரிஞ்சிருக்கும், அவன் எத்தனை வருசம் என்கூட ஆடுனவன். எனக்கு மட்டும்தான் சொல்லல யாரும். சொன்னாவ, ரெண்டு பேரு. விரலை நீட்டித்தான் சொன்னாவ.

உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க இறங்கிப் போயிருவிய. பந்து கையில இருக்கும்போது ரிங்கை அண்ணாந்து பாத்தேன். அது பெருசாத் தெரிஞ்சுது. விழலைன்னா என்ன சொல்லுவாவன்னு நினைச்சேன். அந்த ஏழு விநாடியில ஆசீரு வேலையை நினைக்கவே இல்ல நான். யாராவது வாங்கிக்கிட்டா போதும்னு இருந்துச்சு. பொறவுதான் அந்த நெட்டையனைக் கொண்டு வந்து முன்னால நிறுத்தினேன் போல. எப்ப நிறுத்தினேன்னு தெரியல.

நம்ம தூத்துக்குடிப் புதுக்கோட்டை தாண்டிட்டா? அப்ப இன்னும் பத்து நிமிசந்தான்.

அந்தா, போன் அடிக்கி. அவன்தான். பேரு தெரியுது பாருங்க, ஆசீர்னு. கூப்பிடலையேன்னு அவனே கூப்பிடுதான்.

அண்ணாச்சி, ஒரு உபகாரம். இதை நீங்க எடுங்களேன். எடுத்து, தவசிக்கு வழியில காலு ரொம்ப வலி, புதுக்கோட்டையிலேயே இறங்கித் திரும்பிட்டாரு, போனை விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லிருங்க. உங்களுக்கு என்ன, ஒரு வார்த்தைதானே. நீங்க நல்லா பேசுதிய. இந்தாங்க. பிடிங்க. அடிச்சு நின்னுரப் போகுது.

ஏன் என்னையவே பாக்கிய?

பாக்காதிய அண்ணாச்சி. அதிகாரி ரூம்ல அவனும் இப்படித்தான் பாத்தான்.

குடுங்க. இங்க குடுங்க, நானே பேசுதேன்.

ஹலோ. ஆமாடே, தவசிதான். பஸ்ஸுலதான் இருக்கேன், வந்துட்டேன். இல்ல, நீ பேசாத, நான் சொல்லிருதேன். வீட்டுக்கு வந்து சொல்லுததுக்குள்ள மாத்திருவேன், அதனால இப்பமே சொல்லுதேன், கேளு.

ஆசீரு, எனக்கு முன்னால ஒருத்தனும் இல்லடே.